இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் இயந்திரம்

தொழிற்சாலையொன்றிலே உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பொறி ஒன்று இயங்குகின்றது. தொழிலாளி தகட்டை உள்ளே வைக்கிறார், காப்புக் கதவை மூடுகிறார், பொத்தானை அழுத்துகிறார். பல தொன் விசையோடு அச்சு கீழிறங்குகின்றது. கதவு திறந்திருக்கும் வேளையிலே அச்சு இறங்குமாயின் அவர் கையின் கதி யாது? அக்கையைக் காப்பனவற்றுள் ஒன்று, பொறிக்கு அருகேயுள்ள சிறு பெட்டியிலே பதிந்திருக்கும் கட்டளைத் தொடராகும்.

அப்பெட்டியைத் தொழிற்சாலைகளிலே பி. எல். சி. என்பர். முற்காலத்தில் இவ்வேலையை ரிலே எனப்படும் மின்காந்த ஆளிகள் செய்தன. மோட்டார் வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் அவற்றின் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தவிர்க்கும் கருவியொன்றை 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் நாடிற்று. றிச்சட் மோர்லியும் அவர்தம் கூட்டாளிகளும் ஆக்கிய ‘மொடிக்கொன் 084’ 1969 இல் வெளிவந்தது. கம்பிகளுக்குப் பதிலாகச் செய்நிரலை மாற்றினால் போதும் என்ற நிலை பிறந்தது.

இக்கருவி ஆளிகளினதும் உணரிகளினதும் நிலையைப் படிக்கும். செய்நிரலின்படி முடிவு காணும். மோட்டருக்கும் வால்வுக்கும் ஆணையிடும். இச்சுற்று, சில மில்லிசெக்கன்களுக்கு ஒருமுறை ஓயாது நிகழும்.

செய்நிரலை மனிதர் எழுதும்போது இடர் நேர்வது எங்ஙனம்? ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே விடை தரும் உணரிகள் இருபது இருப்பின், அவை கூடிநிற்கத்தக்க நிலைகள் 1,048,576 ஆகும். இன்னுமொன்று சேரின் அத்தொகை இரட்டிக்கும். இவை யாவற்றையும் ஒருவர் மனத்திலே எண்ணிப் பார்த்தல் இயலாது.

ஆகவே, வேண்டுவதை மாத்திரம் நாம் கூற, செய்நிரலைக் கணனியே ஆக்கினால் என்ன என்னும் வினா எழுந்தது. தருக்கவியல் அறிஞர் அலொன்சோ சேர்ச் 1957 இலேயே இவ்வினாவின் அடிப்படையை எழுப்பினார். 1969 இல் பூக்கியும் லாண்ட்வெபரும் அதற்கு விடை கண்டனர். 1980களிலே ரமாட்ஜ், வொன்ஹாம் ஆகிய இருவரும் இதனைக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஏற்ற வேறொரு வழியில் வளர்த்தனர். பொறி செய்யக்கூடியவை இவை, செய்யலாகாதவை இவை என வரையறுத்துக் கொடுப்பின், தீங்கான நிலைக்கு இட்டுச் செல்லும் செயல்களை மட்டும் தடுக்கும் கட்டுப்பாட்டைக் கணித்தே பெறலாம் என்பது அவர்தம் கொள்கை.

எனினும், இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘கதவு திறந்திருக்கையில் அச்சு இறங்கலாகாது’ என்பது மாத்திரமே விதியாயின், அச்சை ஒருபோதும் அசைக்காத செய்நிரலும் அவ்விதிக்கு அமைந்ததே! ‘கதவு மூடியபின் பொத்தானை அழுத்தினால் அச்சு இறங்கியே தீரவேண்டும்’ என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். அதுவும் போதாது. கதவின் உணரிக்குச் செல்லும் கம்பி அறுந்தால் என்னாகும்? கதவு மூடியிருக்கும்போது மட்டுமே மின்னோட்டம் பாயுமாறு அமைப்பின், கம்பி அறுந்ததும் ‘கதவு திறந்துள்ளது’ என்றே கருவி கொள்ளும், பொறி நிற்கும். இதனை முன்னுணர்ந்து கூறுபவர் பொறியியலாளரே.

அண்மைக் காலத்தில், சாதாரண மொழியிற் கூறியதைக் கேட்டுச் செய்நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துள்ளது. அது விரைவானது, ஆயின், எழுதியது சரியென நிறுவிக் காட்டுவதன்று. பார்வைக்குச் செவ்வையாகத் தோன்றும் செய்நிரலிலும் பிழை மறைந்திருக்கலாம். எனவே, அதனைத் தருக்கமுறையாற் சரிபார்த்தும், மாதிரிப் பொறியிலே ஓட்டிப் பார்த்தும் அன்றி ஆலைக்குள் விடுதல் தகாது.

எழுதும் உழைப்பைக் கணனி ஏற்றுக்கொள்ளட்டும். எது நிகழவேண்டும், எது ஒருபோதும் நிகழலாகாது என்று தீர்மானிக்கும் பொறுப்போ மனிதரிடமே தங்கியுள்ளது. பொறியின் முன் நிற்கும் தொழிலாளியின் கை அப்பொறுப்பையே நம்பியிருக்கின்றது.