நகம் மஞ்சளாகித் தடித்தால்

காலபோக விதைப்புத் தொடங்கினால் வயலில் வேலை செய்வோரின் கால்கள் நாள் முழுதும் சேற்றிலும் தண்ணீரிலும் ஊறுகின்றன. விரலிடுக்கில் தோல் வெளுத்து, வெடித்து, கடிக்கத் தொடங்கும். "சேற்றுப்புண்தானே, அறுவடையோடு மாறிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். புண் மாறியது போலிருக்கும். ஆனால் சிலருக்குச் சில காலத்தின் பின் பெருவிரல் நகத்தின் ஓரம் மஞ்சளாகி, தடித்து, மாப்போல உதிரத் தொடங்குகின்றது. இது நகப் பங்கசு நோயாக இருக்கலாம்.

தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பங்கசுகளே இதற்கு முக்கிய காரணம். அவற்றுள் முதன்மையானது ரைக்கோபைற்றன் றூபிரம். இது பெரும்பாலும் விரலிடுக்குத் தோலில் குடியேறி, பின் நகத்தின் நுனியால் அடியிலே புகுந்து, மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் செல்கின்றது. எனவே சேற்றுப்புண்ணைக் கவனிப்பதே நகத்தைக் காக்கும் முதல் வேலை.

தடித்த நகமெல்லாம் பங்கசு அல்ல. மண்வெட்டி பட்ட நகமும், இறுக்கமான சப்பாத்து நெரித்த நகமும், சொறியாசிஸ் நோயாளரின் நகமும் இப்படியே தோன்றலாம். உருமாறிய நகங்களில் ஏறத்தாழ அரைவாசியே பங்கசினால் வருபவை. ஆகவே குளிசை தொடங்குமுன் நகத்துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் பரிசோதிப்பது நல்லது. ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகலித்தால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். அது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மருந்து உண்டு, பொறுமைதான் வேண்டும். ரேர்பினபீன் குளிசையை (250 மில்லிகிராம்) நாளுக்கு ஒன்றாக 12 வாரம் உட்கொள்வது வழமை. ஈரல் நோயுள்ளோர் இதை எடுக்கக்கூடாது. மற்றோருக்கும் முன்னதாக இரத்தப் பரிசோதனை செய்வது பாதுகாப்பு. முன்னர் கொடுக்கப்பட்ட கீற்றோகொனசோல் குளிசை ஈரலைப் பாதிப்பதால், 2013இல் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நுனியில் மட்டும் பிடித்திருந்தால் நகத்தில் பூசும் மருந்தும் பயன்தரும்.

மூன்று மாதம் குளிசை எடுத்தும் நகம் அப்படியே இருக்கிறதென்று பலர் மனம் சலிக்கின்றனர். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரே வளரும். பழுதான நகம் மருந்தினால் திருந்துவதில்லை. வேரிலிருந்து புதிய நகம் வந்து அதைத் தள்ளவேண்டும். அதற்கு 12 முதல் 18 மாதங்கள் செல்லும். நல்ல நகமும் கெட்ட நகமும் சேருமிடத்தில் அரத்தால் மெல்லிய கோடொன்று போட்டு வைத்துப் பாருங்கள். அது நுனியை நோக்கி நகர்வது தெரியும்.

மண்ணெண்ணெய் பூசுவோரும் உளர். அது தோலைப் புண்ணாக்குமேயன்றி நகத்தினடிக்குச் செல்லாது. கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் கிறீம்கள் சிலவற்றில் ஸ்ரெரோயிட் இருக்கும். கடி உடனே அடங்கும். பங்கசோ உள்ளே பரவும்.

நீரிழிவுள்ளவர்களுக்கு இது அழகு பற்றிய விடயமே அல்ல. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தடித்த நகம் குத்திப் புண்ணாக்குவது தெரியாது. விரலிடுக்கு வெடிப்பினூடாகக் கிருமி புகுந்தால் கால் வீங்கிச் சிவந்து, விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலையும் வரலாம். இவர்கள் நகத்தைத் தாமே ஆழமாக வெட்டக்கூடாது. இரவில் படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம்.

வயலால் வந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். இதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். றப்பர் சப்பாத்துக்குள் ஈரம் நின்றால் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நகவெட்டியை வீட்டார் எல்லோரும் பொதுவாகப் பாவிக்க வேண்டாம். வீட்டில் வேறு எவருக்கும் சேற்றுப்புண் இருந்தால் அவருக்கும் சேர்த்து மருந்து பூசுங்கள். இல்லாவிடில் மாறிய நகத்துக்கு அது மீண்டும் வந்து சேரும்.