அசோலா: தண்ணீர் போக மிச்சம் எவ்வளவு?

தீவன விலை ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு பச்சை இலைக்கு மவுசு வந்துவிடுகிறது. ஆனால் மாட்டுக்கு ஒத்துக்கொள்வது கோழிக்கு ஒத்துக்கொள்வதில்லை.

2021 ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு விலை டன்னுக்கு ஒரு லட்சம் ரூபாயை நெருங்கியபோது நாட்டின் கோழிப் பண்ணைகள் ஆடிப்போயின. முந்தைய ஆண்டு விலை அதில் பாதிகூட இல்லை. மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதிக்காத மத்திய அரசே, அந்த மாதம் அதே சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அனுமதித்தது. வேறு வழியில்லை. முட்டையோ இறைச்சியோ, உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது.

முருங்கை, அகத்தி, சூபாபுல் என்று மாற்றுப் புரதங்களின் பேச்சு அடிபடுவது இப்படிப்பட்ட நேரங்களில்தான். எல்லாவற்றையும் விட அதிகம் பேசப்படுவது அசோலா. நீரில் மிதக்கும் இந்தச் சிறு பெரணியின் இலைக்குழிகளில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்குப் பிடித்துக் கொடுக்கிறது. நெல்வயலுக்கு உரமாக இருந்த அசோலா மாட்டுத் தொட்டிக்கு வந்ததில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தினமும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தின்ற மாடுகள் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகப் பால் தந்ததாக 2000-களின் தொடக்கத்தில் அது அறிவித்தது. இன்று பல மாநிலங்களில் கால்நடைத் துறையும் வேளாண் அறிவியல் மையங்களும் அசோலா குழி வெட்டக் கற்றுக்கொடுக்கின்றன. பிளாஸ்டிக் தாள், கொஞ்சம் மண், சாணம், சூப்பர் பாஸ்பேட், தண்ணீர். செலவு அவ்வளவுதான்.

காய்ந்த அசோலாவில் புரதம் சுமார் 25 சதவீதம். துண்டுப் பிரசுரங்கள் தடித்த எழுத்தில் போடுவது இதைத்தான். "காய்ந்த" என்ற சொல்தான் சிறிய எழுத்தில் மறைந்துவிடுகிறது. குழியிலிருந்து அள்ளும் அசோலாவில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர். இரண்டு கிலோ அள்ளினால் உலர்ந்த பொருள் 120 கிராம். அதில் புரதம் 30 கிராம். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கில் இவ்வளவு இருக்கிறது. பத்து லிட்டர் கறக்கும் பசுவோ பாலின் வழியே மட்டும் தினமும் 300 கிராமுக்கு மேல் புரதத்தை வெளியே தருகிறது.

அப்படியானால் பால் கூடியது எப்படி? அசோலாவின் சத்துக் கணக்கை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது என்று கன்னியாகுமரிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். கரோட்டின் போன்றவை உதவியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அது பொருத்தமாகவே படுகிறது. வைக்கோலைத் தவிர வேறொன்றும் காணாத மாட்டுக்குக் கொஞ்சம் பசுமையும் தாதுச்சத்தும் கிடைத்தாலே தெம்புதான். ஏற்கனவே பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் தின்னும் மாட்டிடம் அதே அதிசயத்தை எதிர்பார்த்துப் புண்ணாக்கை நிறுத்துகிறவர்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்.

பத்து கிலோ குதிரை மசால் போட்டால் மாட்டுக்கு ஏறத்தாழ 400 கிராம் புரதம் கிடைக்கும். குஜராத்தின் பால்காரர்கள் அதை விடாமல் பயிரிடுவது சும்மா இல்லை. ஆனால் அதற்கு நிலமும் பாசனமும் வேண்டும். நிலமில்லாத குடும்பத்துக்குக் கொல்லையில் வெட்டும் குழிதான் முடியும். அதுவும் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் அசோலா வாடுகிறது. ராஜஸ்தானிலும் விதர்பாவிலும் கோடையில் நிழல்வலை இல்லாமல் காலம் தள்ளாது. சாண நாற்றம் போக அலசிப் போடாவிட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இந்த அள்ளலும் அலசலும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. செலவுக் கணக்கில் அந்த உழைப்பை யாரும் எழுதுவதில்லை.

கோழியின் கதை வேறு. மாட்டின் வயிற்றில் நார்ச்சத்தை உடைக்க நுண்ணுயிர்ப் பட்டாளமே இருக்கிறது. கோழிக்கு அந்த வசதி இல்லை. நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும் முட்டைக்கோழியின் இரைப்பையைத் தண்ணீரான இலையால் நிரப்பினால் அதற்கு எரிசக்தி போதாது. கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிக்கு அசோலா நல்லது, மஞ்சள் கருவுக்கு நிறமும் ஏறும். பிராய்லர் கொட்டகைக்கு அது சோயாவின் இடத்தை நிரப்பாது.

சூபாபுல் இதற்கு முன்பே பாடம் கற்றுக்கொடுத்த மரம். புனே அருகே உருளி காஞ்சனில் மணிபாய் தேசாய் நிறுவிய பாயிஃப் அமைப்பு அதை ஊர் ஊராகப் பரப்பியது. இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். கூடவே மைமோசின் என்ற நஞ்சு. மாட்டுக்கு மற்ற தீவனத்தோடு கலந்து அளவாகப் போட்டால் சமாளிக்கும். கோழித் தீவனத்தில் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினாலே வளர்ச்சி குன்றும். பிற்காலத்தில் ஆந்திராவின் பிரகாசம், குண்டூர் பக்கங்களில் சூபாபுல் காகித ஆலைகளுக்கான மரமாகிவிட்டது.

இலையை விட விதை தேவலை. ராஜஸ்தானின் கொத்தவரையிலிருந்து பிசினைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் 'கோர்மா'வில் புரதம் சுமார் 50 சதவீதம். அதில் ஒட்டியிருக்கும் பிசின் கோழியின் எச்சத்தைப் பசையாக்கிவிடும் என்பதால் வறுத்து, அளவோடுதான் சேர்க்கிறார்கள். அதன் வரத்தும் மாட்டுக்காரர் கையில் இல்லை. பிசினுக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகள். 2012இல் அங்கே கிராக்கி எகிறியபோது இங்கே கொத்தவரை விதை குவிண்டால் 30,000 ரூபாயைத் தொட்டு, முன்பேர வர்த்தகத்தையே நிறுத்த நேர்ந்தது.

கடைசியில் சோயாவுக்கு உண்மையான போட்டி எந்த இலையிலிருந்தும் வரவில்லை, எத்தனால் ஆலைகளிலிருந்து வந்தது. பெட்ரோலில் கலக்க அரிசியையும் மக்காச்சோளத்தையும் காய்ச்சியபின் மிஞ்சும் டி.டி.ஜி.எஸ். என்ற சக்கை இப்போது தீவன ஆலைகளில் குவிகிறது. அரிசிச் சக்கையில் 45 சதவீதம் வரை புரதம், விலையும் மலிவு. பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று சோதித்துத்தான் வாங்க வேண்டும். அது வந்ததில் புண்ணாக்குக்குக் கிராக்கி குறைந்தது. உலகச் சந்தையிலும் சோயா மலிந்து கிடந்தது. 2024இல் மத்தியப் பிரதேச மண்டிகளில் சோயா, குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே இறங்கியது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் பத்தாயிரம் ரூபாய் பார்த்த மால்வா விவசாயிகள், 6,000 ரூபாய் கேட்டு டிராக்டர்களில் ஊர்வலம் போனார்கள்.