புல்வெட்டும் வண்டியின் அடித்தட்டு துருப்பிடிப்பது ஏன்?

அமெரிக்க வீடுகளில் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி மேலே பளபளக்கும். அடியில் குனிந்து பார்த்தால், கத்திகளை மூடிய எஃகுத் தட்டு செதில் செதிலாக உதிரும். ஏன்?

வெட்டுப்பட்ட ஈரப்புல் அங்கே அப்பிக்கொண்டு, நனைந்த துணிபோல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தெறிக்கும் மணலும் கல்லும் பெயின்ட்டைச் சுரண்டுகின்றன. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துருதான். உர உப்பு பட்டால் வேகம் கூடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், சுற்றியுள்ள பெயின்ட்டையும் பெயர்த்துவிடும்.

எப்படிச் சரிசெய்வது? முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தெடுங்கள். மிச்சத்தில் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் பூசினால், துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறும். காய்ந்ததும் பிரைமர், பெயின்ட். ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடு வைத்து வெல்டிங்தான்.

வெட்டி முடித்ததும் ஒட்டிய புல்லைச் சுரண்டிக் காயவிடுங்கள். தட்டு பல ஆண்டு உழைக்கும்.