ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

ரசத்தில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வோம்? கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் தண்ணீர் கூடினால் கரிப்பு குறைகிறது. உப்பு அதே உப்புதான். அது கரைந்திருக்கும் தண்ணீர்தான் மாறியது. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் 'செறிவு' என்பார்கள். பெயர்தான் புதிது. விஷயம் நம் அடுப்படியில் தினமும் நடப்பது.

ரசத்தில் செறிவு தவறினால் சாப்பாடு கெடும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் தவறினால் உயிருக்கே ஆபத்து. வாருங்கள், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கையில் எடுங்கள். அதில் என்ன இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2002-ல் சொன்ன அளவு இது: குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம் வரும். இவ்வளவையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

ஒரு தம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தம்ளர் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஒருவர் அவசரத்தில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தம்ளரில் கொட்டிவிடுகிறார். மருந்து அதே மருந்துதான். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான். அப்படியானால் செறிவு ஐந்து மடங்கு. லிட்டருக்கு 2.6 கிராம் இருக்க வேண்டிய உப்பு, 2.6 × 5 = 13 கிராம் ஆகிவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மூன்றில் ஒரு பங்கு கடல் நீருக்கும் மேலான உப்பைக் குழந்தைக்குப் புகட்டியதாகிவிடும்! உடம்பில் மிச்சம் இருக்கும் நீரையும் அது இழுக்கும். குழந்தைக்கு வலிப்புகூட வரலாம்.

'மருந்துதானே, கூடப் போட்டால் சீக்கிரம் குணமாகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இங்கே வேலை செய்வது பொருள் மட்டுமல்ல, அதன் அளவும்தான். குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே போகின்றன. அவற்றின் பின்னே தண்ணீரும் போகிறது. பேதியாகும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆனால் சர்க்கரை மிகுந்துவிட்டால் நடப்பது தலைகீழ். தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குள் வந்து சேரும், பேதி கூடும். கடையில் விற்கும் கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். நமக்கு வேண்டியதோ 13.5 கிராம். அதனால்தான் அவற்றைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

இந்தக் கணக்கு எத்தனை உயிரைக் காக்கும் என்பதை நம் நாடு 1971-ல் கண்டது. வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அளந்து கலக்கச் செய்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே அதை வாங்கிப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. தராசும் தண்ணீரும் சரியான அளவும்தான்!

பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் என்ன செய்வது? ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. சிறு கரண்டி என்றால் 5 மில்லி பிடிக்கும் டீஸ்பூன். நெல்லைப் படியில் தலைதட்டி அளப்போமே, அப்படித் தலைதட்டிப் போட வேண்டும். கோபுரமாக அள்ளினால் கணக்கு போச்சு. இந்த அளவு தூள் உப்புக்குச் சொன்னது. கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து இருப்பதால் கரண்டி நிறைந்தாலும் எடை குறையும். அதைப் பொடித்து அளப்பது நல்லது.

ஒரே ஒரு தம்ளர் மட்டும் கலக்க நினைத்தால்? உப்பு அரைக் கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. அதை எந்தக் கரண்டியால் அளப்பது? கை கொஞ்சம் தவறினாலும் இரண்டு மடங்காகிவிடும். ஆகவே ஒரு லிட்டராகவே கலந்துவிடுங்கள். கலந்ததும் ஒரு சொட்டு ருசி பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதானால் முதலில் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். பிறகு அளந்து கலக்குங்கள். கலந்த பிறகு கொதிக்க விட்டால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. செறிவு கூடிவிடும். கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பொட்டலத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாப் பொட்டலமும் ஒரு லிட்டருக்கு அல்ல. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறது. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் செறிவு ஐந்தில் ஒரு பங்காகி, இழந்த உப்பு உடம்புக்குத் திரும்பாது. கிழிக்கும் முன் எத்தனை மில்லி என்று படித்துவிடுங்கள்.

பெரிய பொட்டலத்தில் பாதியை அரை லிட்டரில் கலக்கலாமா? கணக்குப்படி சரி. ஆனால் தூள் உள்ளே ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பாதியில் உப்பு மிகுந்து, மறு பாதியில் சர்க்கரை மிகுந்து இருக்கலாம். முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைத்து, மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.