உங்களுக்குத் தெரியுமா? கோலா பாட்டிலும் காவிரிக் குடமும்

300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. டீ ஸ்பூனால் அள்ளிப் போட்டால் ஆறேழு தடவை போட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் நல்லதென்று சொன்ன அளவோ நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம்தான். காலைக் காபியைச் சேர்க்கும் முன்பே கணக்கு தாண்டிவிடுகிறது. தினம் 20 ரூபாய் பாட்டில் ஒன்று என்றால் ஆண்டுக்கு 7,300 ரூபாய் வேறு.

கோலாவை விட்டுத் தண்ணீர் குடிக்கலாமே என்றால், சேலம், நாமக்கல் பக்கம் எழும் மறுப்பில் நியாயம் உண்டு: “எங்க ஊர் போர் தண்ணியைக் குடிக்க முடியுமா?” இங்கே பல இடங்களில் பாறையிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால், வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். அளவு மிகவும் கூடினால் நாளடைவில் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும். ஆனாலும் அதற்கு வழி காவிரிதான். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துவிட்டு, போர் தண்ணியைத் துவைக்க, கழுவ என்று ஒதுக்கிவிடலாம். குழாய் தண்ணி நாலு நாளைக்கு ஒருமுறை வந்தாலும் குடிக்கும் அளவுக்குச் சேர்த்து வைப்பது முடியாத காரியமில்லை.

“வெயிலில் லோடு ஏற்றுகிறவருக்குத் தெம்பு வேண்டாமா?” என்றும் கேட்பார்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டையும் ஈடுகட்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பில் கை வைக்காமல் இருக்கட்டும்.