ஓர் இயந்திரம் நின்றுவிட்டால்…

பத்து பெரண்டாம் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குச் சிறிய விமானங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. மலாக்கா அனைத்துலக விமான நிலையம் இங்குதான் அமைந்துள்ளது. இலண்டனில் விடுதலைப் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் வந்திறங்கியதும் இங்கேதான். இங்கிருந்து பண்டார் ஹிலிர் திடலுக்குச் சென்றுதான் அவர் விடுதலை பெறப்போகும் செய்தியை மக்களுக்கு அறிவித்தார். 1987இல் தொடங்கப்பட்ட மலேசிய விமானப் பயிற்சிக் கழகமும் இந்நிலையத்தில் இயங்கி வருகிறது. வானில் வட்டமிட்டு மீண்டும் மீண்டும் இறங்கி ஏறும் சிறு விமானங்கள் பெரும்பாலும் பயிற்சி மாணவர்களுடையவை.

பயிற்சி மாணவர் முதலில் ஓர் இயந்திரம் கொண்ட விமானத்தை ஓட்டக் கற்கிறார். வணிக விமானி உரிமம் பெற அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். பின்னர் அவர் இரட்டை இயந்திர விமானத்திற்கு மாறுகிறார். அதை ஓட்டத் தெரிந்தவர்களுள் சிலர், பிறருக்குக் கற்பிக்கும் பயிற்றுநராக விரும்புவர். அவர்கள் எழுதவும் பேசவும் பறக்கவும் வேண்டிய ஒரு தேர்வு உண்டு. விமானியின் வாழ்வில் வரும் தேர்வுகளுள் இது சற்று விந்தையானது. இதில் தேர்வதிகாரி மாணவராக நடிப்பார். தேர்வு எழுதுபவர் ஆசிரியராக இருப்பார்.

இரண்டு இயந்திரங்கள் இருந்தால் ஆபத்துக் குறைவு என்றுதான் நாம் எண்ணுவோம். ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கிறதே! இந்த எண்ணம் பாதிதான் சரி. ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் 4,000 ரிங்கிட் ஈட்டுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். செலவு 1,500 ரிங்கிட், மிச்சம் 2,500. ஒருவர் வேலையை இழந்தால் வருமானம் 2,000 ஆகிறது. செலவு குறையவில்லை, ஆகவே மிச்சம் 500தான். வருமானம் பாதியாகக் குறைந்தது. சேமிப்போ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. விமானத்திலும் இதே கணக்குதான். விமானம் உயரம் குறையாமல் பறப்பதற்கே ஆற்றலில் ஒரு பெரும்பகுதி செலவாகிறது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டே அது மேலே ஏறுகிறது. எனவே ஓர் இயந்திரம் நின்றால், சிறிய விமானம் மேலேறும் திறனில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ இழந்துவிடும். நம் நாட்டின் நண்பகல் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்த சிக்கல் திசையைப் பற்றியது. சம்பானில் இருபுறமும் துடுப்புப் போடுகிறோம். ஒரு பக்கத் துடுப்பை நிறுத்தினால் சம்பான் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும் அல்லவா? இடப்புற இயந்திரம் நின்றால் விமானத்தின் மூக்கும் இடப்புறம் திரும்பும். அதைத் தடுக்க விமானி வலக்காலால் சுக்கான் மிதியை அழுத்துகிறார். ஆனால், வாலில் உள்ள சுக்கான் தன்மீது மோதும் காற்றால்தான் வேலை செய்கிறது. வேகம் குறையக் குறைய அதன் வலிமையும் குறையும். இயங்கும் இயந்திரத்தின் இழுப்போ குறையாது. ஒரு கட்டத்தில் சுக்கான் தோற்றுவிடும். விமானம் நின்ற இயந்திரத்தின் பக்கமாகப் புரண்டுவிடும். அந்த வேக எல்லை, வேகமானியில் ஒரு சிவப்புக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே ஒரு நீலக் கோடும் உண்டு. ஓர் இயந்திரத்தைக் கொண்டு மிகச் சிறப்பாக மேலேறக்கூடிய வேகம் அது. சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டால் என்ன செய்வது? நன்றாக இயங்கும் இயந்திரத்தின் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரை நெருங்கி வரும்போது இதைச் செய்ய மனம் எளிதில் இணங்காது. அதனால்தான் உயரத்தில் பலமுறை பழக வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் தேர்வின் முதற்பகுதியில் வெண்பலகையில் வரைந்து விளக்க வேண்டும். தேர்வதிகாரி ஒன்றும் அறியாதவர்போல் கேள்வி கேட்பார். “இரண்டில் எந்த இயந்திரம் நின்றால் அதிக ஆபத்து?” என்பது அவற்றுள் ஒன்று. பல விமானங்களில் இரு விசிறிகளும், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால், வலஞ்சுழியாகச் சுழலும். மூக்கு உயர்ந்திருக்கும்போது விசிறியின் வலப்பக்கம் அதிகமாக இழுக்கும். ஆகவே, வல இயந்திரத்தின் இழுப்பு விமானத்தின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளியே விழும். இட இயந்திரம் நின்று வல இயந்திரம் மட்டும் இயங்கினால் மூக்கு அதிகமாகத் திரும்பும். பைப்பர் செனக்கா போன்ற விமானங்களில் இரு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் இந்த வேறுபாடு இல்லை. மனப்பாடம் செய்தவர் முதற்கேள்விக்கு விடை சொல்லிவிடுவார், “ஏன்?” என்ற இரண்டாம் கேள்வியில் திணறுவார்.

பறக்கும் பகுதியில் தேர்வர் வலப்புற இருக்கையில் அமர்கிறார். பல ஆண்டுகள் இடப்புறம் அமர்ந்து பழகியவருக்கு எல்லாமே மாறிவிடும். வலக்கை இயக்கிய நெம்புகோல்களை இனி இடக்கை இயக்க வேண்டும். முக்கியக் கருவிகள் பலவற்றைச் சாய்வாகப் பார்க்க வேண்டும். அந்நிலையில் விமானத்தை ஓட்டிக்கொண்டே, செய்வதைத் தடையின்றி விளக்கியும் பேச வேண்டும்.

இயந்திரம் நின்றதும் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. முதலில் விமானத்தை நேராக நிறுத்த வேண்டும். பின்னர், எந்த இயந்திரம் நின்றது எனக் கண்டறிய வேண்டும். எந்தக் கால் வேலையின்றிச் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இயந்திரமே நின்றது. அதன் விசை நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒலியிலும் போக்கிலும் மாற்றம் இல்லையென்றால் கணிப்புச் சரி. அதன் பிறகே அதன் விசிறி அலகுகளைக் காற்றின் போக்குக்கு இணையாகத் திருப்ப வேண்டும். எதிர்காற்றில் விரித்த குடையை மடக்கிக்கொள்வது போன்ற செயல் இது.

இந்த வரிசையில் அவசரம் புகுந்தால் என்ன ஆகும்? 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தைப்பேயிலிருந்து புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா விமானத்தில் வல இயந்திரத்தின் விசை இல்லாமற்போனது. விமானியோ நன்றாக இயங்கிய இட இயந்திரத்தை நிறுத்திவிட்டார். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. அதிலிருந்த 58 பேரில் 43 பேர் இறந்தனர். அவர் முன்பு பாவனைக் கருவியில் தேர்வு செய்யப்பட்டபோதே, இயந்திரச் செயலிழப்பைக் கையாள்வதில் தடுமாறியது பதிவாகியிருந்ததென விசாரணை காட்டியது. பயிற்றுநர் தேர்வு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

ஆகவே, தேர்வதிகாரி வேண்டுமென்றே தவறு செய்வார். தவறான மிதியை அழுத்துவார். தவறான நெம்புகோலை நோக்கிக் கையை நீட்டுவார். தேர்வர் உடனே பறித்துக்கொண்டால் மாணவர் எதையும் கற்கமாட்டார். தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து. இதற்காகவே பயிற்றுநரின் கால்கள் எப்போதும் மிதிகளை ஒட்டியே இருக்கும். கை நெம்புகோல்களின் பின்னால் தடுப்பாக நிற்கும். இயந்திரத்தை உண்மையாகவே நிறுத்திக் காட்டும் பயிற்சிக்கும் எல்லை உண்டு. அமெரிக்கத் தேர்வு விதிகளின்படி தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே அதைச் செய்யக்கூடாது. தாழ்வான உயரத்தில் விசையைக் குறைத்து, நின்றது போன்ற நிலையை மட்டுமே உருவாக்குவர்.

சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டதும் தேர்வு முடிந்துவிடுவதில்லை. விமானத்தை நிறுத்திவிட்டு வந்து, அந்தப் பொய் ‘மாணவர்’ எங்கே தவறினார், ஏன் தவறினார், நாளை எதைப் பழக வேண்டும் என்பதைத் தேர்வர் அவருக்கே எடுத்துரைக்க வேண்டும். தேர்வதிகாரி அப்போதும் ஒன்றும் அறியாதவர்போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.