சிறு கருவியும் தடையிலா இசையும்

கையடக்கக் கருவிகளில் இசை கேட்போர், சில வேளைகளில் ஒலி அறுந்து அறுந்து வருதலைக் காண்பர். கருவி வலிகுன்றியது எனக் கூறி அதனை ஒதுக்கிவிடுதல் பலர்க்கும் இயல்பு. ஆயின், குறைபாடு வலியில் உளதா, அன்றி வலியைச் செலவிடும் முறையில் உளதா என ஆராய்தல் தகும்.

இலக்கமுறை இசையென்பது ஒலியலையை இடையறாது அளந்து பெற்ற எண்களின் தொகுதியாகும். 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டு, இரு தடங்களிலும் செக்கனுக்கு 44,100 அளவீடுகளைக் கொண்டது. அளவீடொன்றுக்கு 16 பிற்றுகளாகச் செக்கனொன்றுக்கு 1,411,200 பிற்றுகள் வேண்டப்படும். செவி உணர்தற்கரியவற்றை விலக்கி, இத்தொகையை 128,000 பிற்றுகளாக, அதாவது ஏறத்தாழப் பதினொன்றிலொரு பங்காகச் சுருக்க எம்.பி.3 முறை வழிசெய்தது.

சுருக்கியதை விரித்தாலன்றி இசைத்தல் இயலாது. எம்.பி.3 கோப்பு, தடமொன்றுக்கு 1,152 அளவீடுகள் கொண்ட சட்டங்களால் ஆயது. ஒரு சட்டம் ஒலிக்கும் நேரம் ஏறத்தாழ 26 மில்லிசெக்கன்; அதற்குள் அடுத்த சட்டம் ஆயத்தமாதல் வேண்டும். கருவியின் சராசரி வேகம் போதியதாயினும், பிறிதொரு வேலை குறுக்கிட அச்சட்டம் ஒருமுறை பிந்தின் இசை அறும். எனவே, வேகத்தினும் காலந்தவறாமையே ஈண்டு முதன்மையானது.

இதற்குரிய முதற் பரிகாரம் தேக்கமாகும். கிணற்றுநீரைத் தொட்டியில் நிரப்பிப் பின் வாய்க்காலில் விடுவார், இறைப்புச் சிறிது தடைப்படினும் பயிருக்கு நீர் குறையாமற் காப்பர். அவ்வாறே விரித்த ஒலியை நினைவகத்தில் முன்கூட்டிச் சேர்த்துவைத்தல் வேண்டும். எனினும், தேக்கம் பெருகுமளவுக்கு ஒலி வெளிப்படுதலும் தாமதிக்கும். பாட்டுக்கு இது தீங்கன்று. விளையாட்டுக்கும் உரையாடலுக்கும் தீங்காம்.

இரண்டாவது, கணக்கிடும் முறையை மாற்றுதல். சிறு முறைவழியாக்கிகள் பலவற்றில் தசமப் பின்னங்களைக் கையாளுதற்குத் தனியுறுப்பு இல்லை. அவற்றைச் செய்நிரலால் கணிப்பின் காலம் மிகச் செலவாகும். பின்னங்களைத் தக்கதோர் எண்ணாற் பெருக்கி முழுவெண்களாகக் கொண்டு கணித்தால் வேலை எளிதாகும். வோபிஸ் என்னும் ஒலிமுறைக்கென 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த றெமர் என்னும் செய்நிரல் இவ்வாறு முழுவெண்களாலேயே இயங்குவது.

மூன்றாவது, வீண்வேலை தவிர்த்தல். கருவியின் ஒலியுறுப்பு செக்கனுக்கு 48,000 அளவீடுகளை ஏற்பதாயின், 44,100 அளவீடுகள் கொண்ட இசையை ஓயாது மாற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். கோப்பை முன்னரே ஒருமுறை மாற்றிவைப்பின் அச்சுமை நீங்கும்.

நான்காவது, ஓய்வு. 2001 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபொட், 32 மெகாபைற்று நினைவகத்தைத் தன் வன்தட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு, அத்தட்டை நிறுத்திவிடும். நினைவகத்திலிருந்து இசை தொடர, மின்கலம் நெடுநேரம் உழைக்கும். வேலையைத் திரட்டி விரைந்து முடித்து ஓய்தலே மின்சிக்கனத்துக்குச் சிறந்த வழியென்பது இதனாற் புலனாம்.

புதுக்கருவி வாங்கும் வசதியற்றோர் கையிலுள்ள பழைய தொலைபேசியே அவர்க்குப் பாடமும் பாட்டும் கேட்பிக்கும் துணையாகும். செய்நிரலை ஆக்குவோர் இந்நான்கையும் கருத்திற் கொள்வாராயின், குப்பைக்குச் செல்லவிருந்த கருவி இன்னும் பல்லாண்டு பயன்படும். ஆற்றல் மிகுந்த கருவியை ஆக்குதல் ஓர் அறிவு. உள்ள ஆற்றலை வீணாக்காது பயன்கொள்ளுதல் அதனிற் குறைந்த அறிவன்று.